நாள்பட்ட நோய்ப் பராமரிப்பில் செவிலியர்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நாள்பட்ட நோய்கள் மருத்துவமனையில் தங்கித் தீர்த்துக்கொள்பவை அல்ல. ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே கவனிக்கப்பட வேண்டியவை. தென்காசி மாவட்டத்தில் விசைத்தறிகள் நிறைந்த சங்கரன்கோவில் போன்ற ஊரில், மாத்திரைக்காக வரிசையில் நிற்பவர் அன்றைய கூலியை இழக்க நேரிடும். தொந்தரவு தெரியாதபோது மாத்திரையை நிறுத்திவிடுவோரும் உண்டு.

தமிழ்நாடு அரசு இதற்காக 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுகளுக்குச் சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை அளவைப் பார்த்து மாத்திரை வழங்குகின்றனர். படுத்த படுக்கையாக இருப்போரிடம் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர் செல்கிறார். புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் சிறுநீர்க் குழாயைக் கவனிப்பதும் அவர் பணிகள். படுக்கைப்புண் வராமலிருக்க, சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வீட்டாருக்குக் கற்றுத்தருவதும் அவரே. கட்டு மாற்றுவதைவிட இதுவே பெரிய பணி எனலாம். அவர் வராத நாட்களில் பார்த்துக்கொள்வது வீட்டார்தானே.

நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. புண் சீழ் பிடித்த பிறகே பலர் கவனிக்கின்றனர்; அப்போது விரலையோ காலையோ அகற்ற வேண்டிவரலாம். ஆகவே தினமும் உள்ளங்காலைப் பார்க்கவும், வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்க்கவும் செவிலியர் வற்புறுத்துகின்றனர்.