கடலிலே விமானம் பிடிப்போர்

விழுப்புரம் ஜங்ஷனில் ஐந்து திசைகளிலிருந்தும் ரயில்கள் வந்து கூடுகின்றன. என்ஜின் ஓட்டுகிறவரைக் குழந்தைகள் வியந்து பார்க்கும். வண்டிக்குத் தண்டவாளத்தைத் திருப்பிக் கொடுப்பவரை யார் பார்க்கிறார்கள்? அவர் கவனம் ஒரு நாள் தவறினால்தான் அவருடைய அருமை நமக்குத் தெரியும். நமது கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களிலும் இத்தகையோர் உண்டு. விமானியின் புகழை ஊர் அறியும். அவரை வானில் ஏற்றிவிட்டு, மீண்டும் பத்திரமாக இறக்கிக் கொள்பவர்களின் தொழிலைப் பற்றி நேயர்களுக்குச் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தாருக்கு உளுந்தூர்பேட்டையில் இரண்டாவது உலக யுத்த காலத்து விமானத் தளம் தெரிந்திருக்கும். நிலத்தின் ஓடுபாதை நீண்டு கிடப்பது, அசையாதது. 2022 செப்டம்பர் 2-ந் தேதி கொச்சியில் கடற்படையில் சேர்ந்த புதிய 'விக்ராந்த்' கப்பலுக்கோ மொத்த நீளமே 262 மீட்டர்தான். அதுவும் அலைமேல் ஆடிக்கொண்டிருக்கும்!

இறங்கும் விதம் விந்தையானது. கப்பல் தட்டின் குறுக்கே எஃகு வடங்கள் கட்டியிருக்கின்றன. விமானத்தின் வாற்கொக்கி அவற்றுள் ஒன்றைப் பற்ற வேண்டும். மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம், ஏறக்குறைய 90 மீட்டருக்குள், இரண்டரை விநாடியில் நின்றுவிடுகிறது. வடத்தை இழுத்துப் பிடித்து அந்த வேகத்தை விழுங்கும் யந்திரம் தட்டின் கீழே இருக்கிறது. வரும் விமானத்தின் எடைக்கு ஏற்றபடி அதைத் திருத்தி வைக்க வேண்டும். பிடிப்பு மிகுந்தால் விமானம் சேதமுறும். குறைந்தால் கடல்தான் கதி. வடத்தின் தேய்மானத்தையும் ஓயாமல் சோதிக்க வேண்டும். 2016 டிசம்பரில் ருஷ்யாவின் 'குஸ்நெத்ஸோவ்' கப்பலில் வடம் அறுந்து ஒரு போர் விமானம் கடலில் வீழ்ந்தது. விமானி உயிர் தப்பியது தெய்வாதீனம்.

ஏற்றி விடுவதும் எளிதன்று. 1961 மார்ச் 4-ந் தேதி பெல்பாஸ்ட் நகரில் நமது கடற்படையில் சேர்ந்த பழைய 'விக்ராந்த்', தினைப்புனத்துக் கவண் கல்லை எறிவதுபோல் நீராவி விசையால் விமானங்களை எறிந்தது. 1970-ல் அதன் கொதிகலன்களில் வெடிப்புக் கண்டது. நீராவி குறைந்தால் கப்பலின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் விமானத்தைத் தூக்கும் எதிர்க்காற்றும் குறையும். எனினும் நம்மவர் சோரவில்லை. அழுத்தத்தைக் குறைத்துக் கொதிகலன்களை மூட்டி, 1971 மார்ச்சில் அந்த விசையை மீண்டும் பரீட்சித்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 4-ந் தேதி, அதே தட்டிலிருந்து 'ஸீ ஹாக்' விமானங்கள் காக்ஸ் பஜாரை நோக்கிப் பறந்தன. அந்த வெற்றியில் தட்டின்மேல் நின்றவர்களுக்கும் பங்கு உண்டல்லவா?

இன்றைய 'விக்ராந்த்'தில் நீராவி விசை இல்லை. முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கிறது. என்ஜின் முழு வலிமையும் பெறும்வரை சக்கரங்களைத் தடை ஒன்று பிடித்து நிற்கும். சமிக்ஞை கிடைத்ததும் தடை விலக, விமானம் ஓடி எழும்பும். காது செவிடாகும் இரைச்சல், ஆளைத் தூக்கி எறியும் அனற்காற்று, அறுந்தால் சவுக்காய்ச் சுழலும் வடம் ஆகிய இவற்றிடையேதான் அவர்கள் தினமும் தொழில் செய்கிறார்கள்.

நமது வீட்டுப் பிள்ளைகளில் சிலர், "விமானி ஆக முடியவில்லையே!" என்று ஏங்குவதுண்டு. ஒடிஸாவில் சில்கா ஏரிக்கரையிலுள்ள கடற்படைப் பயிற்சி நிலையத்தின் வாயில் அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. பறப்பவன் வீரனே; அவன் திரும்பி வரும் இடத்தைக் காத்து நிற்பவனும் அவனுக்குக் குறைந்தவனல்லன். பெற்றோர்கள் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார்களாக.