பழைய ட்ரக்கிற்குப் புதுப் பூச்சு: நாமே பூசுவதா, திருத்தகத்திடம் கொடுப்பதா?

ரொறன்ரோவில் பழைய ட்ரக் ஒன்றை வைத்துப் பிழைப்பு நடத்துவோர் வசந்தகாலம் பிறந்ததும் எதிர்நோக்கும் கேள்வி இது.

இங்கே வாகனத்தின் முதற் பகைவன் வெயிலன்று, உப்பு. பனிக்காலத்தில் வீதிகளில் தூவப்படும் உப்பு, கதவின் அடிவிளிம்பிலும் சில்லுக்கு மேலுள்ள வளைவிலும் தங்கிக் கறளை வளர்க்கிறது. கறளின்மேல் எவர் பூசினாலும் பூச்சு விரைவிலேயே கொப்புளித்துவிடும். எனவே கழுவுதல், கறளைச் சுரண்டுதல், அரத்தாளால் தேய்த்தல் ஆகிய முன்வேலைகளே பூச்சின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. திருத்தகக் கட்டணத்தின் பெரும்பகுதியும் இவ்வுழைப்புக்கே. பொறுமையுள்ளவர்கள் இதனைத் தாமே செய்து பணத்தை மீதப்படுத்தலாம்.

பெயின்ற் விசிறும் வேலை வேறு. இரு திரவங்களைக் கலந்து விசிறும் இன்றைய பூச்சுக்கள் பலவற்றில் ஐசோசயனேற் உண்டு. அதன் நுண்துளிகளைச் சுவாசிப்போருக்கு நிரந்தர ஆஸ்துமா ஏற்படலாம்; தூசிக்கு அணியும் சாதாரண முகமூடி போதாது. ஒன்ராறியோவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, தொழிலிடங்களில் தனிக் கட்டுப்பாட்டுக்குரிய பொருட்களுள் இதனையும் சேர்த்துள்ளது. முறையான திருத்தகத்தில் காற்றை வடிகட்டி வெளியேற்றும் கூடமும், தூய காற்றைக் குழாய்வழி தரும் முகமூடியும் இருக்கும். வீட்டுக் கராஜில் இவை இல்லை. அங்கு விசிறினால் ஆவி வீட்டுக்குள்ளும் புகும்; நீர்சூடாக்கியின் சுவாலையில் தீப்பற்றவும் கூடும்.

அழகு பெரிதல்ல, கறள் பரவாதிருந்தால் போதும் என்போர், கலவை தேவையற்ற எனாமல் பெயின்றை வெளியிடத்தில் தூரிகையால் பூசலாம். பளபளப்பு வேண்டுவோர் தேய்க்கும் வேலையைத் தாம் செய்து, விசிறும் வேலையைத் திருத்தகத்திடம் விடுவதே நன்று. அத்தகைய வாகனத்தை ஏற்பார்களா, உத்தரவாதம் தருவார்களா என்பதைத் தேய்க்கத் தொடங்குமுன் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.