கடலில் விழுந்த பொம்மைகள்

1997-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி. "டோக்கியோ எக்ஸ்பிரஸ்" என்ற சரக்குக் கப்பல் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டு இருந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனை அருகே ராட்சத அலை தாக்கியது. 62 பெட்டிகள் கடலில் விழுந்தன!

ஒரு பெட்டி நிறைய "லெகோ" துண்டுகள். குழந்தைகள் ஒன்றோடு ஒன்று பொருத்தி வீடு கட்டி விளையாடுவார்களே, அவைதான். மொத்தம் சுமார் 48 லட்சம்! அவற்றில் பல, கடல் காட்சி அமைப்பதற்காகச் செய்யப்பட்டவை. வேடிக்கைதான்!

துண்டுகள் கார்ன்வால் கடற்கரையில் ஒதுங்கின. பூக்களும் துடுப்புகளும் நிறையக் கிடைத்தன. ஆனால், சேகரிப்பவர்கள் ஆசையோடு தேடுவது சின்னஞ்சிறு கறுப்பு ஆக்டோபசை! பெட்டியில் இருந்தவை 4,200 மட்டுமே.

2024-ல் ஒரு சிறுவனுக்கு அது கிடைத்தது. 2 ஆண்டுகள் தேடி இருந்தான், பாவம்!

பிளாஸ்டிக் மக்காது. மீனவர்களின் வலையிலும் துண்டுகள் சிக்கி வருகின்றன.