செயலிக்கும் பாயிரம் வேண்டும்

நூலுக்கு முகமாய் நிற்பது பாயிரம். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை முதலியவற்றை அது உரைத்தல் வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. இக்காலத்துக் கணினிச் செயலிகளுக்குப் பாயிரமாக அமைவது அவற்றின் விளக்கநூலே. நிரல் எழுதுவோர் கையாளும் குறிப்புச் செயலியின் விளக்கநூல் எதனை முதற்கண் உரைத்தல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நிரலாளர் மேசைமீது துண்டுத்தாள் ஒன்று கிடப்பது இயல்பு. சிறு கணக்கும், பாதி எழுதிய நிரலும், பிறர் விடுத்த தரவும் அதில் இடம்பெறும். அத்தாளின் பணியைத் திரையிலேயே ஆற்றுவது குறிப்புச் செயலி.

1985-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட குனு ஈமாக்ஸில் ‘ஸ்கிராட்ச்’ எனப் பெயரிய பக்கம் ஒன்று உண்டு. அதில் லிஸ்ப் மொழியில் (+ 3 4) என எழுதி, கண்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்தின், அடுத்த வரியில் 7 என்னும் விடை வந்து நிற்கும். ஆயினும் செயலியை மூடுங்கால், இப்பக்கத்தைச் சேமிக்கலாமோ என அது வினவுவதில்லை. எழுதியவை நீர்மேல் எழுத்தாய் மறையும். இவ்வுண்மையை ஆக்கியோர் விளக்கநூலின் உட்பக்கத்தில் மட்டும் வைத்து அமையாது, அப்பக்கத்தின் தலைப்பிலேயே எழுதியுள்ளனர். காக்கவேண்டியதைத் தனிக்கோப்பில் எழுதும் வழியையும் அங்கேயே காட்டுகின்றனர்.

ஹேநோட் என்னும் செயலி இதற்கு மறுதலையானது. அதன்கண் நீண்ட பக்கமொன்று பல பகுதிகளாகப் பிரிந்து நிற்கும். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், என்டர் என்னும் இரு விசைகளையும் சேர அழுத்தின் புதிய பகுதி தோன்றும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி நிரல்மொழியை வகுக்கலாம்; கணக்குப் பகுதியில் வரிதோறும் விடை காணலாம். எழுதியன யாவும் தாமே சேமிக்கப்பெறும். இது பெருநன்மையே. எனினும் அவை கணினியில் சாதாரண உரைக்கோப்பாகத் தங்குகின்றன. ஒரு நொடிக்கென அங்கு ஒட்டிய கடவுச்சொல்லும், அழிக்கும்வரை அக்கோப்பில் நிற்கும். அதனைத் திறப்பார் எவரும் படிக்கலாம்.

நிலைக்கும் என நம்பி எழுதியது அழிதலும், அழியும் என எண்ணி எழுதியது நிலைத்தலும் ஆகிய இரண்டுமே கேடு விளைப்பன. பாயிரத்தில் எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பைக் குறிக்கும். குறிப்புச் செயலிக்கோ, எழுத்து எவ்விடத்தில் எத்துணைக் காலம் தங்கும் என்பதே எல்லையாம். விளக்கநூல் எழுதுவோர் பலர் விசைகளின் பட்டியலை முன்வைத்து, இதனைப் பின்தள்ளுகின்றனர். விசையைத் தவற அழுத்தியவன் மீண்டும் முயன்று கற்கலாம். இழந்த எழுத்தும் வெளிப்பட்ட மறைமொழியும் மீளா. ஆதலின் எல்லையை முதலிற் கூறுக. விசைகளைப் பின்னர்க் கூறுக.