கோலப்புள்ளியும் கணித விதியும்

படிப்படியாக வளரும் உருவங்களைக் காட்டி, அடுத்த உருவம் யாதென ஆரம்ப வகுப்புகளில் வினவுவது வழக்கம். மாணாக்கர் அதனை எளிதில் வரைந்துவிடுவர். நூறாவது உருவத்தில் எத்தனை புள்ளிகள் என வினவின் மயங்குவர். வரைந்து காண்டல் அரிதாகும் அவ்விடத்திலேயே விதி வேண்டப்படுகின்றது. அதனைக் காணும் நெறியை நம் முற்றத்துக் கோலத்தைக் கொண்டே விளக்குவாம்.

நேர்ப்புள்ளிக் கோலமொன்றில் வரிசைதோறும் 1, 3, 5, 3, 1 எனப் புள்ளிகள் ஏறி இறங்குகின்றன, மொத்தம் 13. நடுவரிசையில் 1, 3, 5, 7 புள்ளிகளையுடைய கோலங்களை முறையே எடுப்பின், மொத்தப் புள்ளிகள் 1, 5, 13, 25 ஆகும். வேறுபாடுகள் 4, 8, 12. எனவே அடுத்தது 16 கூடி 41 எனலாம். எனினும், இஃது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் வழியேயன்றி, நூறாம் படிக்கு நேரே செல்லும் வழியன்று.

இனி உருவத்தை நோக்குக. நான்காம் கோலத்தை நடுவரிசைக்குக் கீழே பிரிப்பின், மேற்பகுதி 1+3+5+7=16; கீழ்ப்பகுதி 5+3+1=9. இரண்டும் வர்க்க எண்கள். புள்ளிச் சதுரமொன்றின் இரு பக்கங்களை ஒட்டி மூலைமட்டம்போலப் புள்ளிகளிட, அடுத்த சதுரம் உண்டாகும். அங்ஙனம் இடுவன 3, 5, 7 என இரண்டிரண்டாய் மிகும். ஆதலால் 1 முதலாக ஒற்றை எண்களை முறையே கூட்டின் வர்க்கமே வரும். விதி இதுவாம்: படியெண்ணின் வர்க்கத்தோடு அதற்கு முந்திய எண்ணின் வர்க்கத்தைக் கூட்டுக. நூறாம் கோலத்தில் 10,000+9,801=19,801 புள்ளிகள்.

காரணங் காணாது எண்களை மட்டும் நம்புதல் தகாது. வட்டத்தின் பரிதியிற் புள்ளிகளிட்டு, ஒவ்வொன்றையும் ஏனையவற்றோடு நேர்கோட்டால் இணைக்க. புள்ளிகள் 1 முதல் 5 வரை ஆகுங்கால், வட்டம் முறையே 1, 2, 4, 8, 16 பகுதிகளாகப் பிரியும். ஆறு புள்ளிகளுக்கு 32 எனத் துணிவோம். ஆயின் எங்ஙனம் இடினும் பகுதிகள் 31க்கு மேற்படா.

இத்தகைய ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. கி.பி. 499இல் ஆரியபடர், முக்கோணக் கூம்பாக அடுக்கிய குவியலின் தொகையைக் காணும் விதியை உரைத்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிப்ட் சிரோமணியும் இராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் கூடி 1974இல் வெளியிட்ட கட்டுரையில், கோலம் வளரும் முறையை மொழியிலக்கணம் போன்ற விதிகளால் விளக்கினர்.

பூவரசங்குளம் போன்ற வன்னிச் சிற்றூர்களில் இதனைக் கற்பித்தற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. மணற்றரையும் புளியங்கொட்டையும் போதும். விடையைச் சொன்ன மாணாக்கனிடம் “ஏன்?” என வினவும் ஆசிரியரே அட்சரகணிதத்துக்கு வாயில் திறப்பவராவர்.