சந்தமும் செவியும்

பழவேற்காடு என்றதும் ஏரியும் இறாலும், மீன்பிடி நீரை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்னும் வழக்கமும் நினைவுக்கு வரும். அவ்வூர் முஸ்லிம் குடும்பங்கள் சில அரபுத்தமிழ் ஏடுகளைப் பேணி வருவதைப் பலர் அறியார். அரபுத்தமிழில் எழுந்த நூல்களுட் பல, ஒருவர் ஓதப் பலர் கூடிக் கேட்டவை.

நம் செய்யுள் இலக்கியமும் அத்தகையதே. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்கள் கொண்டது. காயல்பட்டினம் செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் 1842இல் அதனை அச்சேற்றும்வரை அது ஏட்டிலும் நாவிலுமே வாழ்ந்தது. ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் விரிப்பார். இன்று அந்நூல் அலமாரியில் இருக்கிறது. அதன் ஓசையைக் கேட்டவர் அருகிவிட்டனர்.

இழப்பின் அளவை அறியக் காயல்பட்டினத்து வரகவி காசிம் புலவரின் திருப்புகழை எடுத்துக்கொள்ளலாம். நபிகள் நாயகத்தின்மீது, அருணகிரிநாதரின் சந்த நெறியில் பாடப்பட்டது அது. மௌனமாகப் படிப்பவருக்கு அது கடினமான சொற்குவியலாகவே படும். சந்தப் பாட்டில் எழுத்தின் இனமே தாளத்தை வகுக்கிறது. ‘பக்க’ என்பது ‘தத்த’ ஆகும்; ‘பந்த’ என்பது ‘தந்த’; ‘மன்ன’ என்பது ‘தன்ன’. எழுதிய தாளில் இவை ஒன்றுபோலத் தோன்றும். வேறுபாட்டைச் செவிதான் பிரித்தறியும்.

தஜ்வீத் பயின்றவருக்கு இச்செவி ஓரளவு முன்னமே வாய்த்திருக்கிறது. உயிர்க்குறி ஓர் அளவு, இயல்பான மத்து இரண்டு அளவு என்று மக்தபில் கற்கிறோம். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு என்று தமிழ் இலக்கணமும் கூறுகிறது. ‘இன்ன’ என்ற அரபுச் சொல்லில் நூன் மூக்கொலியாய் நிற்பதை உணர்ந்த பிள்ளைக்குத் ‘தன்ன’வை விளக்கவேண்டிய தேவையே இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. அரபு குன்னாவை இரண்டு அளவு நீட்டுவோம். தமிழ் ஒற்றுக்கு அரை மாத்திரையே உண்டு. ஓதும் பழக்கத்தில் அதனை நீட்டினால் சந்தம் முறிந்துவிடும். மேலும், திருமறை கவிதையன்று. இவ்வொப்புமை ஒலியளவோடு நிற்பது.

படிக்கும் முறை எளிது. முதலில் சொற்களைப் பிரித்துப் பொருள் தெளிய வேண்டும். பின் பாட்டை விட்டுவிட்டுத் ‘தத்த தந்த’ என்ற குறிப்பை மட்டும் கைதட்டிச் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை சொற்களை அத்தாளத்தில் ஏற்றலாம். பொருளுக்காக இடையில் நிறுத்தலாகாது. அடி முடிவில் மூச்சுவிடுவது போதும். மாலையில் ஓதி முடித்த பிள்ளைகளோடு ழகர ளகரம் திருத்தவல்ல முதியவர் ஒருவர் அமர்ந்தால், ஏரிக்கரைக் குப்பத்திலும் இதனைத் தொடங்கிவிடலாம்.