உப்பும் கொசுப்புழுவைக் கொல்லும் கிருமியும்

உப்பு மிகுந்த ஊறுகாயும் கருவாடும் எளிதில் கெடுவதில்லை என்பதை யாவரும் அறிவர். உப்பு கிருமியின் உடலிலுள்ள நீரை வெளியே இழுத்து அதன் விருத்தியைத் தடுக்கிறது. ஆயினும் உப்பு கிருமிக்கு முற்றிலும் பகை என்று கொள்ளலாகாது. தாதுவுப்புக்கள் அறவே இல்லாவிடில் எக்கிருமியும் வளராது. அளவே முக்கியம்.

இதற்குப் புதுச்சேரியிலேயே உதாரணம் உண்டு. முதலியார்பேட்டை போன்ற வீடுகள் நெருங்கிய இடங்களில், சாக்கடையில் தேங்கும் அழுக்கு நீரே யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவின் பிறப்பிடமாகும். அந்நகரில் 1975-ல் ஏற்பட்ட நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையத்தார், கொசுப்புழுவைக் கொல்லும் ‘பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ்’ என்னும் கிருமியின் ‘வி.சி.ஆர்.சி. பி-17’ என்ற வகையை விருத்தி செய்துள்ளனர். இக்கிருமியினம் முதன்முதலில் 1976-ல் இஸ்ரேல் தேசத்து நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்டது.

பரிசோதனைச் சாலையில் இக்கிருமியைப் புரதச் சத்துள்ள திரவத்தில் வளர்க்கின்றனர். அத்துடன் சில உப்புக்களும் தேவை. பாஸ்பேட்டு உப்பு, திரவத்தின் புளிப்பு மிகாமல் காக்கும். மக்னீஷியம் கிருமியின் ஜீவகாரியங்களுக்கு உதவும். இரும்பு மூச்சுக்கு வேண்டும்.

இவற்றுள் மாங்கனீசு உப்பின் செய்கை கவனிக்கத்தக்கது. லிட்டருக்கு ஒரு கிராமில் மிகச்சிறு பங்கே போதும். அதுவும் இல்லையெனில், கிருமி பெருகித் திரவம் கலங்கித் தடித்து நின்றாலும், வித்துக்கள் சரிவர உண்டாகா. கொசுப்புழுவைக் கொல்லும் நச்சுப் படிகமோ வித்து உண்டாகுங்காலத்தில்தான் தோன்றுகிறது. ஆகவே, கண்ணுக்குச் செழிப்பாய்த் தோன்றும் வளர்ப்பும் பயனற்றுப் போகக்கூடும்.

எனவே, இம்மருந்தை வாங்கும் சங்கத்தார் அதன் நிறத்தையும் தடிப்பையும் கண்டு திருப்தியடையலாகாது. இரண்டு சட்டிகளில் சாக்கடை நீரும் கொசுப்புழுக்களும் இட்டு, ஒன்றில் மட்டும் சீட்டிற் கண்ட அளவு மருந்தைக் கலத்தல் வேண்டும். மறுநாள் அச்சட்டியில் மட்டும் புழுக்கள் மடிந்திருப்பின் மருந்து நல்லதே.

மேலும் இரண்டு விஷயங்களை நினைவிற் கொள்க. புழு மருந்தை உண்டால்தான் மடியும். உணவு கொள்ளாத கூட்டுப்புழுவை இது தீண்டாது. அழுக்கு நீரில் இதன் வீரியம் சில தினங்களிற் குறைந்துவிடுமாதலால் மீண்டும் மீண்டும் தெளித்தல் அவசியம். சாக்கடை தேங்காமல் ஓடச் செய்வதோ எம்மருந்தினும் சிறந்தது.